டீசல் புகை: லாரி கடந்த தூரம், டிராக்டர் கடக்க வேண்டிய தூரம்

இந்தியாவில் நிலத்தை உழும் வேலையையும் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் வேலையையும் இன்று பெருமளவில் செய்து முடிப்பவை டீசல் எஞ்சின்களே. ஒரு மூட்டை நெல்லின் பயணத்தைப் பின்தொடர்ந்தால், சேற்றுழவு செய்யும் டிராக்டர், அறுவடை இயந்திரம், களத்திலிருந்து மூட்டைகளை ஏற்றிச்செல்லும் டிரெய்லர், அரிசி ஆலையிலிருந்து நகரத்துக்குப் புறப்படும் லாரி என ஒவ்வொரு கட்டத்திலும் டீசல் எரிவதைக் காணலாம். அந்த எரிதலில் எழும் நச்சுப் புகையைக் குறைக்கும் முயற்சி, லாரியைப் பொறுத்தவரை, 2000-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட காலத்தில் வியக்கத்தக்க தொலைவு முன்னேறியிருக்கிறது. ஆனால் அதே பெட்ரோல் பங்கில் அதே டீசலை நிரப்பிக்கொள்ளும் டிராக்டர்களில் பெரும்பாலானவை அந்த முன்னேற்றத்துக்கு வெளியிலேயே நிற்கின்றன. இந்த இடைவெளி எவ்வாறு உண்டானது, அதை எவ்வாறு குறைக்கலாம் என்பதை அறிய, எஞ்சினுக்குள் நடப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒன்றை அடக்கினால் மற்றொன்று எழும்

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. உருளைக்குள் இழுக்கப்படும் காற்று, இன்றைய எஞ்சின்களில் தன் பருமனில் ஏறத்தாழ 16 அல்லது 17-இல் ஒரு பங்காகும் வரை அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்தாலேயே காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட, அந்தக் கொதிகாற்றுக்குள் நாசில் வழியே பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. இந்த உயர் அழுத்தமே டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் எஞ்சினைவிடக் கூடுதல் எரிபொருள் சிக்கனத்தையும், குறைந்த வேகத்திலும் பாரத்தை இழுக்கும் வலிமையையும் தருகிறது.

அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. பீய்ச்சப்பட்ட டீசல் காற்றோடு கலப்பதற்குக் கிடைப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டுமே. ஆகவே தெளிப்பின் நடுப்பகுதியில் எரிபொருள் மிகுந்தும் ஆக்சிஜன் குறைந்தும் இருக்க, அங்கே டீசல் முழுமையாக எரியாமல் கரியாக மாறுகிறது. சைலன்சர் வழியே வெளியேறும் கரும்புகை இதுதான். தெளிப்பின் விளிம்பிலோ ஆக்சிஜன் தாராளமாகக் கிடைப்பதால் சுவாலை மிகுந்த வெப்பத்தோடு எரிகிறது. சாதாரண நிலையில் எதனோடும் எளிதில் சேராத நைட்ரஜன், அந்த வெப்பத்தில் ஆக்சிஜனோடு இணைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் செல்டோவிச் விளக்கிய இந்த வேதிவினை, வெப்பம் ஏற ஏற மிக வேகமாகப் பெருகும் இயல்புடையது.

டீசல் மாசுக் கட்டுப்பாட்டின் அடிப்படைச் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. எரிதலின் வெப்பத்தைக் கூட்டினால் கரி குறைந்து நைட்ரஜன் ஆக்சைடு கூடுகிறது; வெப்பத்தைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறைந்து கரி கூடுகிறது. இந்த இரண்டையும் எஞ்சினுக்குள்ளேயே ஒருசேர மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவருவது கடினம் என்பதால், ஒன்றை உள்ளேயும் மற்றொன்றை வெளியேறும் வழியிலும் எதிர்கொள்ள வேண்டிய கட்டாயம் பொறியாளர்களுக்கு ஏற்பட்டது.

கண்ணுக்குத் தெரியும் புகையும் தெரியாத புகையும்

கரும்புகையில் இருக்கும் துகள்களில் பெரும்பான்மை, ஒரு மீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் கிடைக்கும் மைக்ரோமீட்டர் என்ற அளவில், ஒன்றைவிடவும் சிறியவை. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரோமீட்டர் என்பதை நினைத்தால், மூக்கின் மயிர்களும் சளிப்படலமும் இவற்றைத் தடுக்க முடியாமல் போவதும், இவை நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று படிவதும் புரியும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2012 ஜூன் மாதத்தில், டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகையும் கல்நாரும் இடம்பெற்றிருக்கும் பிரிவு அது.

நைட்ரஜன் ஆக்சைடுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அவற்றின் தீங்கு வெகுதூரம் செல்கிறது. அவை மூச்சுக்குழாயை எரிச்சலுறச் செய்வதோடு, காற்றில் வேறு சேர்மங்களுடன் கலந்து நைட்ரேட் நுண்துகள்களாகவும் மாறுகின்றன. சூரிய ஒளியில் ஆவி நிலையிலுள்ள கரிமச் சேர்மங்களோடு வினைபுரிந்து, தரைமட்ட ஓசோனை உண்டாக்குவதும் இவையே. வானின் உயரத்தில் புறஊதாக் கதிரைத் தடுத்து உயிர்களைக் காக்கும் அதே ஓசோன், தரையருகே இலைத்துளைகள் வழியே பயிருக்குள் புகுந்து ஒளிச்சேர்க்கையைக் குறைத்து, கோதுமை, நெல் போன்றவற்றின் விளைச்சலையும் பாதிக்கிறது. சாலையில் வெளியேறும் வாயு வயலின் விளைச்சலைக் குறைக்கிறது என்பதால், உழவர் இந்த மாசுக்கு ஒரே நேரத்தில் காரணமாகவும் பலியாகவும் நிற்கிறார்.

மாற்றம் டீசலிலிருந்து தொடங்கியது

புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளைப் பொருத்துவதற்கு முன் எரிபொருளைச் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. கச்சா எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் கந்தகம், எரியும்போது கந்தக ஆக்சைடுகளாகிச் சல்ஃபேட் துகள்களைப் பெருக்குகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, கருவிகளில் இருக்கும் வினையூக்கிகளின் மேற்பரப்பில் கந்தகம் படிந்து அவற்றைச் செயலற்றவையாக்கிவிடுவது. தான் மாறாமல் வேதிவினையை மட்டும் விரைவுபடுத்தும் பொருளே வினையூக்கி. அதன் மேற்பரப்பு மூடிக்கொண்டால் அதற்கு வேலையே இல்லை.

ஆகவே வாகனப் புகைக்கு வரம்பு விதிக்கும் இந்தியாவின் பாரத் ஸ்டேஜ் தரவரிசையில் ஒவ்வொரு படியும் டீசலிலுள்ள கந்தகத்தைக் குறைத்தே வந்திருக்கிறது. ஒரு கிலோ டீசலில் இரண்டாம் நிலையில் 500 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்ட கந்தகம், மூன்றாம் நிலையில் 350 ஆகவும், நான்காம் நிலையில் 50 ஆகவும், ஆறாம் நிலையில் 10 ஆகவும் குறைக்கப்பட்டது. சுத்திகரிப்பு ஆலைகள் இதற்காக, டீசலை உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு வினையூக்கியின் வழியே செலுத்தி, கந்தகத்தை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகப் பிரித்தெடுக்கும் அலகுகளை நிறுவவும் விரிவாக்கவும் வேண்டியிருந்தது. இந்தச் சுத்திகரிப்பில் டீசலுக்கு இயல்பாக உள்ள வழவழப்பும் குறைந்துவிடுவதால், பம்பும் நாசிலும் தேயாமலிருக்க மசகுத்தன்மை தரும் சேர்மானம் தனியாகச் சேர்க்கப்படுகிறது.

லாரியின் சைலன்சருக்குள் ஒரு வேதியியல் கூடம்

தூய டீசல் கிடைத்த பின் எஞ்சினிலும் புகைவழியிலும் மாற்றங்கள் சாத்தியமாயின. முதல் மாற்றம் டீசலைப் பீய்ச்சும் முறையில் நிகழ்ந்தது. எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் 1,600 பார் அழுத்தத்துக்கு மேலும் டீசலைத் தேக்கிவைத்து, கணினியின் கட்டளைப்படி ஒரே சுற்றில் பல சிறு தவணைகளாகப் பீய்ச்சும் காமன் ரெயில் அமைப்பு, டீசலை மிக நுண்ணிய துளிகளாக்கிக் காற்றோடு நன்கு கலக்கச் செய்தது. இரண்டாவது, வெளியேறும் புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் உருளைக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். முறை. இது உள்ளே உள்ள ஆக்சிஜனின் செறிவையும் சுவாலையின் உச்ச வெப்பத்தையும் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடு உண்டாவதையே குறைக்கிறது.

எஞ்சினைவிட்டு வெளியேறிய புகை, அதன் பின் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதலில் பிளாட்டினம், பல்லேடியம் பூசப்பட்ட ஆக்சிஜனேற்ற வினையூக்கி, கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பன்களையும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. அடுத்து நிற்பது டிபிஎஃப் எனப்படும் துகள் வடிகட்டி. தேன்கூட்டைப் போன்ற மெல்லிய வழிகள் நிறைந்த இந்தப் பீங்கான் உருளையில், அடுத்தடுத்த வழிகளின் வாய் மாறி மாறி அடைக்கப்பட்டிருப்பதால், புகை நுண்துளைகளுள்ள சுவரை ஊடுருவித்தான் வெளியேற முடியும். வாயு கடந்துவிட, துகள்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை சுவரில் தங்கிவிடுகின்றன.

தங்கிய கரியை அகற்றாவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பாரத்தோடு நெடுஞ்சாலையில் ஓடும் லாரியின் புகை போதிய வெப்பத்தில் இருப்பதால், நைட்ரஜன் டை ஆக்சைடின் துணையோடு கரி மெல்ல மெல்லத் தானே எரிந்துவிடும். நகர நெரிசலில் ஊர்ந்துசெல்லும் வண்டியில் அது நடவாதபோது, கணினி கூடுதல் டீசலைச் செலுத்திப் புகையின் வெப்பத்தை 550 முதல் 600 டிகிரி வரை உயர்த்தி, சேர்ந்த கரியை எரிக்கிறது. எஞ்சின் எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் மட்டும் எரியாமல் நின்றுவிடுவதால், சாம்பல் குறைந்த எண்ணெயைப் பயன்படுத்துவதும், குறித்த கால இடைவெளியில் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் இன்றியமையாதவை.

மூன்றாவது கட்டம் எஸ்சிஆர் எனப்படும், நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் தேர்ந்து குறைக்கும் வினையூக்கி. இதன் முன்னே, 32.5 சதவீத யூரியாவும் மீதி தூய நீரும் கலந்த கரைசல் சூடான புகைக்குள் தெளிக்கப்படுகிறது. வெப்பத்தில் யூரியா சிதைந்து தரும் அம்மோனியா, வினையூக்கியின் மேற்பரப்பில் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து, அதைக் காற்றில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது.

யூரியாவும் யூரியாவும் ஒன்றல்ல

டிஇஎஃப் என்றும் ஆட்புளூ என்றும் விற்கப்படும் இந்தக் கரைசல், பொதுவாக எரியும் டீசலின் அளவில் 3 முதல் 6 சதவீதம் வரை செலவாகிறது. அதாவது 1,000 லிட்டர் டீசலுக்கு 30 முதல் 60 லிட்டர். இந்தச் செலவைத் தவிர்க்க, உரக்கடையில் மானிய விலையில் கிடைக்கும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும் என்று எண்ணுவது பெருந்தவறு. 2015 முதல் இந்தியாவில் உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டே வழங்கப்படுகிறது. மண்ணில் தழைச்சத்து மெல்ல வெளிப்படவும், மானிய உரம் தொழிற்சாலைகளுக்குக் கடத்தப்படாமலிருக்கவும் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அந்த எண்ணெயும், உரத்திலும் சாதாரணத் தண்ணீரிலும் உள்ள உப்புகளும் உலோகங்களும் தெளிப்பானை அடைத்து, இலட்சக்கணக்கில் விலைபெறும் வினையூக்கியைப் பாழாக்கிவிடும். பயிருக்குச் சேர வேண்டிய உரத்தை வண்டிக்குத் திருப்புவதால் உழவருக்கும் இழப்பு, வண்டிக்கும் இழப்பு.

இந்த எளிய கரைசலை ஒரு நாட்டின் போக்குவரத்து எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதை 2021-இன் இறுதி உணர்த்தியது. அவ்வாண்டு அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, தன் தேவைக்குப் பெரிதும் சீனாவையே சார்ந்திருந்த தென் கொரியாவில் டிஇஎஃப் தட்டுப்பாடு எழுந்து, சரக்கு லாரிகள் முடங்கும் நிலை உருவாயிற்று. கரைசல் தீர்ந்துபோனால் எஞ்சினின் திறன் தானே குறையும்படி வண்டிகள் அமைக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். கட்டுப்பாட்டுக் கருவியை நிறுவுவதோடு அதற்கான பொருளின் வழங்கலையும் உறுதிசெய்ய வேண்டும் என்ற பாடத்தை மற்ற நாடுகளும் அதிலிருந்து பெற்றன.

விதி எழுதியதும் சாலை சொன்னதும்

2014-இல் சௌமித்ர சௌத்ரி தலைமையிலான வல்லுநர் குழு, ஐந்தாம் நிலையை 2020-இலும் ஆறாம் நிலையை 2024-இலும் கொண்டுவரப் பரிந்துரைத்தது. நகரங்களின் காற்று மோசமடைந்துவந்த நிலையில், மத்திய அரசு 2016 ஜனவரியில் ஐந்தாம் நிலையை முற்றிலும் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் ஆறாம் நிலைக்குச் செல்வதென முடிவெடுத்தது. அந்த நாளுக்குப் பின் நான்காம் நிலை வண்டிகளை விற்கவோ பதிவுசெய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இதன் பயனாக, கனரக லாரி எஞ்சின் ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடின் வரம்பு 3.5 கிராமிலிருந்து 0.4 கிராமாகவும், துகளின் வரம்பு 0.02 கிராமிலிருந்து 0.01 கிராமாகவும் குறைந்தன. துகள்களின் எடைக்கு மட்டுமன்றி எண்ணிக்கைக்கும் வரம்பு வந்ததால், வடிகட்டி இல்லாமல் லாரி விற்பது இயலாததாயிற்று.

ஆய்வுக்கூடத்தில் தேறிய வண்டி சாலையிலும் அப்படியே நடந்துகொள்ளும் என்று நம்பிவிட முடியாது என்பதை 2015 செப்டம்பரில் உலகம் அறிந்தது. வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்களில், சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் மாசைக் குறைக்கும் மென்பொருள் இருந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்போது வெளிப்படுத்தியது. வண்டியிலேயே அளவுக்கருவியைப் பொருத்திச் சாலையில் ஓட்டிப் பார்க்கும் சோதனை அதன் பின் வலுப்பெற்றது. இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல் ஆறாம் நிலையின் இரண்டாம் கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது.

சாலையில் ஏற்கெனவே ஓடும் வண்டிகளுக்கான புகைச் சான்றிதழ் முறையில் ஒரு பெருங்குறை இன்னும் நீடிக்கிறது. டீசல் வண்டியின் எஞ்சினை முடுக்கி, புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதையே அந்தச் சோதனை அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அது அளப்பதே இல்லை. யூரியா தெளிப்பை முடக்கிவைத்த ஒரு லாரி, கரும்புகை இல்லாத காரணத்தாலேயே, நல்ல வண்டி என்ற சான்றிதழைப் பெற்றுவிட முடியும்.

டிராக்டர் பின்தங்கிய கதை

டிராக்டர்களுக்கென டிரெம் என்ற தனித் தரவரிசை இருக்கிறது. அதன் மூன்றாம் நிலையில், 19 முதல் 37 கிலோவாட் வரையிலான, அதாவது ஏறத்தாழ 25 முதல் 50 குதிரைத்திறன் வரையிலான எஞ்சின்களுக்கு, ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 0.6 கிராம் துகள் வரை அனுமதி உண்டு. லாரிக்கு விதிக்கப்பட்ட 0.01 கிராமோடு ஒப்பிட்டால், சோதனை முறைகள் வேறுபட்டாலும், இது 60 மடங்கு. இந்திய உழவர்கள் வாங்கும் டிராக்டர்களில் மிகப் பெரும்பாலானவை 50 குதிரைத்திறனுக்கு உட்பட்டவை என்பதால், இந்த எண்ணே நாட்டின் வயல்களில் நடப்பதைக் காட்டும் எண்ணாகிறது.

நான்காம் நிலை பலமுறை தள்ளிப்போடப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு மட்டும் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பிரிவில் 37 முதல் 56 கிலோவாட் வரையிலான எஞ்சின்களுக்குத் துகள் வரம்பு 0.4 கிராமிலிருந்து 0.025 கிராமாக, அதாவது 16-இல் ஒரு பங்காக, ஒரே தாவலில் இறங்கியது. நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும் சேர்ந்த வரம்பு 4.7 கிராம் என்ற பழைய அளவிலேயே விடப்பட்டதால், இந்த டிராக்டர்களுக்கு யூரியா தொட்டி தேவைப்படவில்லை. காமன் ரெயில், இ.ஜி.ஆர்., துகளைக் குறைக்கும் கருவிகள் ஆகியவற்றைக் கொண்டே இலக்கை எட்ட முடிகிறது. சிறிய டிராக்டர்களையும் உள்ளடக்கும் ஐந்தாம் நிலை முதலில் 2024 ஏப்ரலுக்குக் குறிக்கப்பட்டு, பின்னர் 2026 ஏப்ரலுக்குத் தள்ளப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 19 கிலோவாட்டைத் தாண்டிய எஞ்சின்களுக்கு, 2019 தொடங்கி, துகள் எண்ணிக்கை வரம்பே நடைமுறைக்கு வந்துவிட்டது.

இந்தத் தாமதத்துக்கு நேர்மையான காரணங்களும் இருக்கின்றன. லாரி ஆண்டு முழுவதும் ஓடித் தன் விலையை ஈட்டித்தரும். சிறு உழவரின் டிராக்டரோ உழவுக் காலத்தில் உழைத்து, மற்ற மாதங்களில் கொட்டகையில் நிற்கும். மின்னணுப் பம்பும் வடிகட்டியும் கூட்டும் விலையை அவர் குறைந்த வேலை நேரத்தில் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. புழுதியிலும் சேற்றிலும் அதிர்விலும் உழைக்கும் வண்டியில் நுட்பமான உணரிகள் தாக்குப்பிடிக்க வேண்டும். வடிகட்டி தன்னைச் சூடேற்றிக்கொள்ளும் நேரத்தில் காய்ந்த வைக்கோலுக்கு அருகில் வண்டி நிற்கக் கூடாது. பழுது ஏற்பட்டால் சாவியும் சுத்தியும் மட்டும் வைத்திருக்கும் கிராமத்து மெக்கானிக்கால் அதைச் சரிசெய்ய முடியாது. இவை எல்லாம் உண்மையே. ஆயினும் இவை செலவை யார், எப்படிப் பகிர்ந்துகொள்வது என்ற கேள்விகளே தவிர, புகையை அப்படியே விட்டுவிடுவதற்கான காரணங்கள் ஆகா. தூய டிராக்டரை ஒவ்வொரு சிறு உழவரும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை செய்துவருவது போலவும், பல மாநிலங்களில் இயங்கும் இயந்திர வாடகை மையங்களில் நடப்பது போலவும், ஒரு டிராக்டர் பல உழவர்களின் நிலங்களில் ஆண்டின் பெரும்பகுதியும் உழைக்குமானால், கூடுதல் விலை பல ஏக்கர்களில் பரவித் தாங்கக்கூடியதாகிவிடும்.

இன்று ஓடும் வண்டிகளில் செய்யக்கூடியவை

புதிய விதிகள் புதிய வண்டிகளையே கட்டுப்படுத்தும். ஏற்கெனவே உழைத்துவரும் டிராக்டர்களும் லாரிகளும் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அவற்றின் புகையைக் குறைக்கும் முதல் வழி பராமரிப்பு. புழுதி அடைத்த ஏர் ஃபில்டர் காற்றைத் தடுப்பதால் டீசல் முழுமையாக எரியாது. தேய்ந்த நாசில் டீசலைத் தூறலாகத் தெளிக்காமல் துளியாகச் சொட்டும். கூடுதல் இழுவை வேண்டிப் பம்பின் அளவை உயர்த்திவைத்தால் கரும்புகையும் டீசல் செலவும் சேர்ந்தே ஏறும். இந்த மூன்றையும் சரிசெய்யும் உழவர், புகையோடு தன் டீசல் கணக்கையும் குறைத்துக்கொள்கிறார்.

ஓட்டும் முறையிலும் சிக்கனம் இருக்கிறது. இலேசான வேலைக்கு உயர்ந்த கியரில், குறைந்த வேகத்தில் எஞ்சினை இயக்குவது டீசலை மிச்சப்படுத்தும். உழும்போது சக்கரம் சுழன்றும் வண்டி முன்னேறாமல் வழுக்கும் அளவு, கெட்டியான நிலத்தில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அதைத் தாண்டினால் எடைக்கட்டி பூட்டியும் டயரில் காற்றழுத்தத்தைச் சரிசெய்தும் பிடிப்பைக் கூட்ட வேண்டும். லாரியைப் பொறுத்தவரை, அளவுக்கு மீறிய பாரத்தைத் தவிர்ப்பது, டயர் காற்றைக் கவனிப்பது, ஏற்றி இறக்கும் இடங்களில் எஞ்சினை அணைத்துவைப்பது ஆகியவற்றோடு, டிபிஎஃப்பை வெட்டியெடுத்து வெற்றுக்குழாய் பொருத்தாமலிருப்பதும் ஓட்டுநரும் உரிமையாளரும் ஏற்க வேண்டிய பொறுப்பு. கருவி அடைத்துக்கொண்டால் அதன் காரணம் பெரும்பாலும் எஞ்சினிலோ எண்ணெயிலோ இருக்கும். வடிகட்டியை நீக்குவது நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பாகும்.

எரிவாயுவிலும் மின்சாரத்திலும் இயங்கும் லாரிகளும் டிராக்டர்களும் வரத் தொடங்கிவிட்டன. ஆனால் நாள் முழுவதும் கடும் பாரத்தோடு உழும் வண்டிக்கு வேண்டிய ஆற்றலை மின்கலத்தில் சுமப்பது இன்னும் எளிதாகவில்லை. ஆகவே டீசலைத் தூய்மையாக எரிக்கும் முயற்சிக்கு ஓய்வு கொடுக்கும் காலம் இன்னும் வரவில்லை.

லாரியின் வரலாறு காட்டுவது ஒன்றே: தூய எரிபொருள், செம்மையான எஞ்சின், சுத்திகரிக்கும் கருவி, நேர்மையான சோதனை ஆகிய நான்கும் ஒரு சங்கிலியின் கண்ணிகளாக ஒன்றையொன்று பற்றி நின்றபோதுதான் புகை குறைந்தது. அவற்றுள் முதல் கண்ணியான 10 மில்லிகிராம் கந்தக டீசல், இன்று கிராமத்துப் பங்கிலும் கிடைக்கிறது. சுத்திகரிப்பு ஆலைகள் பெருஞ்செலவில் உருவாக்கிய அந்தத் தூய்மையைப் பயன்படுத்திக்கொள்ளும் கருவி பெரும்பாலான டிராக்டர்களில் இல்லை என்பதே குறை. பெரும்பாலான டிராக்டர்களில் எஞ்சின் மூடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய், ஓட்டுபவரின் முகத்துக்குச் சில அடி முன்னால்தான் இருக்கிறது. மூடிய அறை இல்லாத அந்த இருக்கையில், எதிர்க்காற்று வீசும் ஒவ்வொரு சாலிலும் புகையை முதலில் சுவாசிப்பவர் அவரே. நெடுஞ்சாலையில் செல்பவருக்கு 2020-இல் கிடைத்த பாதுகாப்பு, நாட்டுக்கு உணவு விளைவிக்கும் அவருக்கும் கிடைப்பதே நியாயம்.